குழந்தை குழம்பிடும், மாமா

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. அம்மா: ஆங்கிலம் மட்டும். அப்பா: தமிழ் மட்டும். இருவரும் சேர்ந்து இருந்தால் ஆங்கிலம். சாப்பாட்டு நேரத்துக்கு விலக்கு உண்டு. சனிக்கிழமை காலை கிளப் ஹவுஸில் தமிழ் வகுப்பு, கட்டணம் தனி. இத்தனை ஏற்பாடும் இரண்டரை வயதுப் பேரன் ஒருவனுக்காக. தாத்தாவுக்கு அதில் வேலை எதுவும் போடவில்லை. தாத்தா வாயைத் திறந்தால் தெலுங்கு வந்தாலும் வந்துவிடும் என்ற பயம்.

"குழந்தை குழம்பிடும், மாமா. ரெண்டே போதுங்க" என்றாள் மருமகள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். மரியாதை குறையாமல்தான் சொன்னாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. ப்ளே ஸ்கூலில் இருந்த அம்மையார் ஒருவர், மூன்று வயது வரை ஒரே மொழிதான் பேச வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு தாமதமாகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரே மொழி எது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டியது அது. என் மகனுக்கு மனசு ஒப்பவில்லை. விடிய விடிய போனில் தேடி, 'ஒரு ஆள், ஒரு மொழி' என்ற முறையைக் கண்டுபிடித்தான். காலையில் காபி குடிக்கும்போது ஏதோ இந்த வாரம் வெளிவந்த கண்டுபிடிப்பு போல எனக்கு விளக்கினான். ஜூல் ரோன்ஜா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் தன் மகன் லூயியை அப்படி வளர்த்து, அதை 1913-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. ரோன்ஜா பிரெஞ்சுக்காரர், பிள்ளையிடம் பிரெஞ்சு பேசினார். அவர் மனைவி ஜெர்மன்காரர், ஜெர்மன் பேசினார். அவரவர் பிறந்து வளர்ந்த மொழி. இங்கே ஆங்கிலத்துக்குப் பொறுப்பாளராக நியமனம் பெற்றவள், கொங்குத் தமிழில் பிறந்து, கொங்குத் தமிழில் கோபித்து, கொங்குத் தமிழில் தூக்கத்தில் முனகுகிறவள்.

நான் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். எங்கள் தெரு தெலுங்கு. அதற்கு மேற்கே எல்லாம் தமிழ். பருத்தி எடுக்கிற காலத்தில் புஞ்சை ஓரத்து வேப்பமரத்தில் வரிசையாகத் தூளி தொங்கும். தாய்மார்கள் எல்லாரும் வெயிலில். பிள்ளைகளுக்குக் காவல், வேலைக்கு ஆகாத வயசில் இருந்த ஒரே ஒரு அவ்வா. தெலுங்கு வீட்டுப் பிள்ளை அழுதால் தெலுங்கில் கொஞ்சுவாள், தமிழ் வீட்டுப் பிள்ளை அழுதால் தமிழில். எல்லாம் சேர்ந்து அழுதால் கடவுளைத் திட்டுவாள். அதற்கு இரண்டு மொழியும் தேவைப்பட்டது. அந்த அவ்வாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவளிடம் வளர்ந்த பிள்ளைகளில் எதுவும் குழம்பியதாக எனக்கு நினைவில்லை. பேச்சு தாமதமான பிள்ளைகளும் இருந்தன. கழுகுமலைக் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். மொழியைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றியதே இல்லை.

பள்ளிக்கூடத்து வாத்தியார் நாசரேத் பக்கத்துக்காரர். தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் நாங்கள் தெலுங்கில் வயிற்றுவலி சொன்னால், முன் வரிசையில் இருக்கிற ஒருவன் எழுந்து தமிழில் சொல்வான். இரண்டாம் வகுப்புக்கு வரும்போது யாருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் வாத்தியாரே தெலுங்கில் திட்டக் கற்றுக்கொண்டார். கணக்கைத் தமிழில் போட்டோம், கோலிக்குண்டைத் தெலுங்கில் எண்ணினோம். இன்றைக்கும் ஏ.டி.எம்.மில் எடுத்த பணத்தை என் வாய் தமிழில் எண்ணும், உள்ளே ஒருவன் தெலுங்கில் சரிபார்ப்பான்.

அது பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மொழி தெருவோடு வந்தது, தெரு சாதியோடு வந்தது. எங்கள் தெருப் பொடியன்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தெலுங்கில் பன்மையில் அழைப்பார்கள். வேலைக்கு வருகிற, தாத்தா வயசு இருக்கிற ஆளைத் தமிழில் 'வா, போ' என்பார்கள். அவர் அந்தப் பொடியனை 'வாங்க' என்பார். தமிழ் இலக்கணத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். எந்த மொழியில் யாரிடம் எவ்வளவு பணிய வேண்டும் என்பதைப் பிள்ளை இரண்டு வயதிலேயே பிடித்துக்கொள்ளும். இப்போதும் அப்படித்தான். அட்டவணை போடுகிறவர்களுக்கு மட்டும் அது தெரிவதில்லை.

எங்களை அப்போது யாரும் இருமொழிப் பிள்ளைகள் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏதோ நோயின் பெயர் என்று நினைத்திருப்போம். அப்படி நினைத்தவர்கள் வெளிநாட்டில் உண்மையிலேயே இருந்தார்கள். 1923-இல் சேர் என்ற ஆய்வாளர், வேல்ஸ் நாட்டில் வெல்ஷும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை வைத்து, அவர்கள் பின்தங்கியிருப்பதாக எழுதினார். பின்தங்கியவர்கள் கிராமத்துப் பிள்ளைகள். நகரத்து இருமொழிப் பிள்ளைகளிடம் அந்தக் குறை தெரியவில்லை. ஆனாலும் பழி மொழியின் தலையில் விழுந்தது. அந்த மனிதர் கோவில்பட்டியில் ரயில் இறங்கியிருந்தால் எங்கள் தெரு முழுவதையும் மந்தபுத்தி என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். பழியைத் துடைக்க நாற்பது வருஷம் ஆயிற்று. 1962-இல் மொன்ட்ரியாலில் பீல், லாம்பர்ட் என்ற இருவர், ஒரே மாதிரி வசதியுள்ள வீடுகளிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்துச் சோதித்தபோது, இருமொழிப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். அதன்பிறகு ஊசல் மறுபக்கம் போய்விட்டது. இரண்டு மொழி பேசினால் மூளை கூர்மையாகும் என்கிறார்கள். என் மகன் தரவிறக்கிய செயலியும் அதைத்தான் சொல்கிறது. நிறையப் பேரை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வுகள் பலவற்றில் அந்தக் கூர்மை அகப்படவில்லை என்பதைச் செயலி சொல்லவில்லை. எங்கள் தெருவையே சாட்சிக்கு அழைக்கலாம்: எல்லாரும் இருமொழிக்காரர்கள், மூளை வழக்கமான விகிதத்தில்தான் இருந்தது.

ஆனால் பக்கத்து ஊரான இடைசெவலில் ஒருவர் இருந்தார். கி. ராஜநாராயணன். வீட்டு மொழி தெலுங்கு. கரிசல் வட்டார வழக்குத் தமிழுக்கு அகராதி செய்தவரும் அவரே. தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே வந்து குடியேறிய கதையைத் தொடர்ந்து எழுதி, 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். தமிழ் நாவலுக்கான விருது. அவர் வளர்ந்த வீட்டுக்கு ஒரு ஆலோசகர் போய், பிள்ளை குழம்பிவிடும், ஒன்றை நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் எதை நிறுத்தியிருப்பார்கள் என்று யோசிப்பதுண்டு.

எங்கள் தெலுங்குக்கு ஒரு குறை இருந்தது. எழுத்துக் கிடையாது. எங்கள் தெருவில் தெலுங்கு எழுத்துத் தெரிந்த ஒருவர்கூட இல்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள் திருப்பதிக்குப் போய், தாய்மொழியில் இருக்கும் பலகையைப் படிக்க முடியாமல் தமிழ்ப் பலகையைத் தேடி நின்றார்கள். பெருமையாகத் தெலுங்கில் கேட்டால், எதிரில் இருப்பவர் கொஞ்சம் உற்றுக் கேட்டுவிட்டு, இரக்கத்தோடு தமிழில் பதில் சொல்வார். சில நூற்றாண்டு தனியாகக் கரிசலில் கிடந்த தெலுங்கு அது. ஆந்திரத்துக்காரருக்கு அது தெலுங்கில்லை, தமிழ்நாட்டுக்காரருக்குத் தமிழில்லை. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வேலை கிடைத்து மதுரைக்கு வந்த பிறகு, நானும் மனைவியும் மகனிடம் தமிழே பேசினோம். கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. சுற்றிலும் தமிழ். தெலுங்கை எங்களுக்காக வைத்துக்கொண்டோம்: வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது பேச, உறவுக்காரர் எப்போது கிளம்புவார் என்று விசாரிக்க, பையனுக்குத் தெரியக் கூடாததைப் பையன் முன்னாலேயே பேச. வருஷக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் அவன் பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கலாமா, என்ன விலை இருக்கும் என்று நாங்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்து தமிழில் குரல் வந்தது: "பச்சைக் கலர் வேண்டாம்ப்பா." மொழியியலாளர்கள் இந்த வகைப் பிள்ளைகளையும் இருமொழிக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். புரியும், பேசாது. அவன் இன்றுவரை தெலுங்கில் ஒரு வாக்கியம் பேசியதில்லை. நாங்கள் தெலுங்கில் பேசிய எந்த ரகசியமும் அவனுக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

இப்போது பேரனுக்கு வருவோம். அட்டவணையை அவன் மதிக்கிறானா என்றால், ஓரளவு மதிக்கிறான். அப்பாவிடம் தமிழ்ச் சொல்லும் அம்மாவிடம் ஆங்கிலச் சொல்லும் போடுகிறான். இரண்டு வயதுப் பிள்ளைகூட ஆளைப் பார்த்து மொழியை மாற்றும் என்பதை மொன்ட்ரியாலில் ஃபிரெட் ஜெனெசியும் அவரோடு சேர்ந்தவர்களும் முப்பது வருஷத்துக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் கலந்து பேசினால் குழம்பிவிட்டது என்று பொருளில்லை. கைக்கு வந்த சொல்லை எடுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். பெரியவர்கள் நாம் செய்வதும் அதுதான். ப்ளே ஸ்கூல் படிவத்தில் 'குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரியும்' என்று கேட்டிருந்தார்கள். மருமகள் ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணி எழுதினாள். குறைவு என்று பதில் வந்தது. வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளை வைத்து பார்பரா பியர்சன் 1993-இல் சொன்னது எளிய விஷயம்: ஒரு மொழிச் சொற்களை மட்டும் எண்ணினால் இருமொழிக் குழந்தை பின்னால் தெரியும், இரண்டையும் சேர்த்து எண்ணினால் மற்ற குழந்தைகளுக்குச் சமமாக வரும். படிவத்தில் தமிழுக்கு இடமில்லை. அதற்குப் பிள்ளை என்ன செய்யும்?

டேப்லெட் விஷயம் இன்னும் வேடிக்கை. ஆங்கிலம் சுத்தமாக வர வேண்டும் என்று ஒன்பதாவது மாதத்திலிருந்தே ரைம்ஸ் போட்டுக் காட்டினார்கள். ஒன்பது மாதம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு உலகத்து மொழிகளின் ஒலிகளில் பெரும்பாலானவற்றை வேறுபடுத்திக் கேட்க முடியும். ஜேனட் வெர்க்கரும் டீஸும் கனடாவில் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் பிரித்துக் கேட்டன. ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறமை போய்விட்டது. ஆகவே மூன்று வயதுவரை பொறுத்திருங்கள் என்பவர், கடை அடைத்த பிறகு வரச் சொல்கிறார். ஆனால் இதே ஒன்பது மாத வயதில் பட்ரீஷியா கூல் சியாட்டிலில் ஒரு சோதனை செய்தார், 2003-இல் வெளிவந்தது. அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பிரிவோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில். நேரில் கேட்டவை மாண்டரின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. திரையில் பார்த்தவை ஒன்றும் பிடிக்கவில்லை. கையெழுத்துத் தெரியாத அவ்வா தூளியடியில் செய்த வேலையை, படம் துல்லியமாகத் தெரிகிற திரையால் செய்ய முடியவில்லை.

இந்த வீட்டில் அதற்கு நேரடி நிரூபணம் ஒருநாள் மாலை கிடைத்தது. பேரன் கூடத்தில் பொம்மை யானையை மடியில் வைத்துக்கொண்டு அதட்டிக்கொண்டிருந்தான்: "ஏனுங்க, சும்மா இருக்க மாட்டீங்களாக்கும்?" ரைம்ஸில் இது கிடையாது. அப்பாவின் மதுரைத் தமிழும் இல்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு மருமகள் தன் அம்மாவுக்குப் போன் செய்வாள். அரைமணி நேரம் கொங்குத் தமிழ் அருவியாகக் கொட்டும். பேரன் காலடியில் உட்கார்ந்து யானையோடு விளையாடிக்கொண்டிருப்பான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அம்மாவின் உயிரான பேச்சு எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் வெட்கப்பட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் பேசத் தொடங்கினாள்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இன்னொரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. தகர ஷெட்டுகளில் வேலைக்காரக் குடும்பங்கள். அங்கே நாலு வயதிருக்கும் ஒரு சிறுமி. ஒடிசாவில் பெர்ஹாம்பூர்ப் பக்கத்துக் குடும்பம். வீட்டில் ஒடியா. மேஸ்திரியிடம் இந்தி. பெட்டிக்கடையில் தமிழ், அதுவும் மீதிச் சில்லறையைக் கறாராகக் கேட்டு வாங்குகிற தமிழ். ஒருநாள் சுற்றுச்சுவர்க் கதவுக்கு வெளியே மணல் குவியலில் பேரனோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் மேல் மணலைக் கொட்டிக்கொண்டே போனதைப் பார்த்து, என்னை அறியாமல் "சாலு, சாலு" என்றேன். போதும் என்று தெலுங்கில். அவள் உடனே நிறுத்திவிட்டு, தெலுங்கிலேயே ஏதோ பதில் சொன்னாள். பெர்ஹாம்பூர்ப் பக்கம் தெலுங்கும் புழங்கும். அவளுடைய அம்மம்மா தெலுங்குக்காரி என்று பிறகு தெரிந்தது. பல நூறு வீடுகள் உள்ள எங்கள் வளாகத்தில் எனக்குத் தெலுங்கில் பதில் சொன்ன ஒரே ஜீவன் அந்தப் பிள்ளை. இரண்டு பேரின் தெலுங்கும் திருப்பதிக்காரருக்குப் புரியாது. எங்களுக்குள் தடையில்லை.

நாலு மொழி. நாலு வயது. அவளை யாரும் ஆலோசகரிடம் கூட்டிப்போகவில்லை, குழம்பிவிடுவாள் என்று யாரும் பயப்படவும் இல்லை. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவளைப் பற்றி வந்த ஒரே செய்தி, வெளிப்பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு விளையாடுவதைக் காவலாளி கவனிக்க வேண்டும் என்பதுதான். பேச்சுப் பழக்கம் கெட்டுவிடுமாம். இதை எழுதியவர் தன் மகளுக்கு ஸ்பானிஷ் வகுப்பு தேடிக்கொண்டிருக்கிறார். அதுவும் அதே குழுவில்தான் வந்தது.

அதே ஒடிசாவில்தான் அஜித் மொகந்தி என்ற உளவியலாளர் கோந்த் பழங்குடிப் பிள்ளைகளைப் பல வருஷம் ஆராய்ந்தார். சில ஊர்களில் கோந்த் மக்கள் தங்கள் குயி மொழியை விட்டு ஒடியாவுக்கு மாறிவிட்டார்கள். சில ஊர்களில் இரண்டையும் வைத்திருந்தார்கள். இனம் ஒன்று, வறுமை ஒன்று. குயியும் ஒடியாவும் பேசிய பிள்ளைகள்தான் அவருடைய சோதனைகளில் மேலே வந்தார்கள். அந்த ஆய்வை எந்த ப்ளே ஸ்கூல் விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. ஆங்கிலம் சேர்ந்தால்தான் இருமொழி, மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதும் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர். தமிழ்நாட்டில் தெலுங்கைச் சொன்னவர்கள் 42 லட்சத்துக்கு மேல், நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவு. கணக்கெடுப்புக்காரர்களின் விதிப்படி, தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் பிள்ளையிடம் பேசிய மொழி. சாதியையோ பூர்வீகத்தையோ பார்த்து எழுதுவதில்லை. விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் என் பேரனின் தாய்மொழி ஆங்கிலம். அவன் தாயின் தாய்மொழி தமிழ். தாத்தாவின் தாய்மொழி தெலுங்கு. கோயம்புத்தூர்ப் பாட்டி இதைக் கேட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவார்.

அடுத்த கணக்கெடுப்பு 2027-இல். தாய்மொழியைக் கேட்பார்கள், அது தவிரத் தெரிந்த மொழிகள் என்று வழக்கமாக இரண்டைக் குறித்துக்கொள்வார்கள். வருகிறவருக்குத் தேநீர் கொடுத்து, உங்கள் வீட்டில் பிள்ளையோடு நிஜமாகப் பேசுகிற மொழியைச் சொல்லுங்கள்; ஆசைப்படுகிற மொழியை வேண்டாம். அப்படியே பின்னால் இருக்கும் தகர ஷெட்டுக்கும் வழி காட்டி அனுப்புங்கள். அங்கே ஒரு சிறுமிக்குத் தாய்மொழி போக மூன்று மொழி தெரியும். படிவத்தில் இடம் இரண்டுக்குத்தான்.